நான் எழுதிய குடைக்குளத்து அந்தாதி

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் நான் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவள் என்று முடிவானது. கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. டீயும் முறுக்கும் கொடுத்தார்கள். முறுக்கு நமத்துப் போயிருந்தது.

என் பெயர் அங்கயற்கண்ணி. தமிழாய்வு நிறுவனம் ஒன்றில் சுவடிப் பதிப்புத் துறையில் இருக்கிறேன். குடைக்குளத்து அந்தாதி என்ற நூலைப் பதிப்பிப்பது என் வேலை. இருபது வருடமாக அது ஒன்றுதான் வேலை. மொத்தம் நூறு பாடல். எழுதியவர் பெயர் தெரியாது. உலகத்தில் ஒரே ஒரு ஓலைச்சுவடிதான் இருக்கிறது. அதில் அறுபத்து மூன்றாம் பாடல் இருக்க வேண்டிய இடம் செல்லரித்துவிட்டது.

அந்தாதியில் ஒரு பாடல் எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில்தான் அடுத்த பாடல் தொடங்கும். அறுபத்திரண்டாம் பாடல் ‘தூரம்’ என்று முடிகிறது. அறுபத்து நான்காம் பாடல் ‘போதும்’ என்று தொடங்குகிறது. ஆகவே காணாமல்போன பாடல் ‘தூரம்’ என்று தொடங்கி ‘போதும்’ என்று முடிந்திருக்க வேண்டும். நடுவில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த நடுவைத்தான் நான் இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் எங்கள் மாடியில் மின்னிலக்க ஆய்வு மையம் என்று ஒன்று திறந்தார்கள். அங்கே நஸ்ரின் என்ற பெண் வேலைக்கு வந்தாள். கெட்டிக்காரி. எழுத்து நடையை வைத்து ஆசிரியரைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றை அவள் இயக்கினாள். ஒருவர் ‘உம்’ எத்தனை முறை போடுகிறார், ‘ஆனால்’ எங்கே போடுகிறார் என்று அது எண்ணும். பழைய புலவர்கள், உரைகாரர்கள் எல்லோரையும் அதற்குக் கொடுத்தாள். ஆள் போதவில்லை. ஒப்பீட்டுக்காக எங்கள் துறைக்காரர்கள் எழுதிய கட்டுரைகளையும் கொடுத்தாள்.

அந்தாதியை எழுதியது நான் என்று அது சொன்னது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று உறுதி.

“இருபது வருசமா அதையே படிச்சிட்டிருக்கேன் சார். அதோட நடை எனக்கு ஒட்டிக்கிச்சு” என்றேன்.

“இருக்கலாம்” என்றார் துறைத்தலைவர் இருதயராஜ். “ஆனா ஒட்டிக்கிச்சுங்கிறதுக்கு அதுல இடமில்ல. எழுதினாங்க, எழுதல. ரெண்டுதான்.”

“அப்ப எழுதலன்னு போடுங்க.”

“தொண்ணூத்தொண்ணு வந்திருக்கே.”

நஸ்ரின் மேசையில் இருந்த முறுக்குத் துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

“நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டு. அத நீங்கதான் நிறுவியிருக்கீங்க” என்றார் இருதயராஜ். “அதுல மாற்றுக் கருத்து உண்டா?”

இல்லை என்றேன். அந்த விஷயத்தில் நான் எழுதிய கட்டுரைகள் மிக உறுதியானவை.

“அப்ப சரி” என்றார். மினிட்ஸில் எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை போனபோது என் மேசையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே போவதற்குக் குனிய வேண்டியிருந்தது. உதவியாளர் சுடலைமுத்து ஒரு கிண்ணமும் பஞ்சும் கொண்டுவந்து, கையை நீட்டச் சொன்னார். முழங்கை வரை புல்தைலம் தடவினார். சுவடிகளுக்குத் தடவுவதுதான்.

“பூச்சி வராது பாத்துக்கிடுங்க” என்றார்.

“எனக்கு எதுக்குய்யா பூச்சி வருது?”

“எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், ஆரம்பத்துல.”

மாடியில் என்னை ஸ்கேன் செய்தார்கள். நஸ்ரின் என் கன்னத்துக்குப் பக்கத்தில் வண்ண அட்டையையும் அளவுகோலையும் பிடித்தாள். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். கேமரா சத்தமே போடவில்லை. குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டே வாய்க்குள் படித்தாள். ஓரங்கள் தேய்ந்துள்ளன. நடுவில் படிக்கக்கூடிய நிலை.

“என்ன மேடம், சரியா இருக்கா?”

“நிலைமைக்கு என்ன போட்டே?”

“ஓரளவு சிதைவு.”

சரி என்றேன். 

அச்சுக்குப் போகவிருந்த என் பதிப்பை இருதயராஜ் திரும்ப வாங்கிக்கொண்டார். நூலாசிரியரே பதிப்பாசிரியராக இருந்தால் சார்பு வந்துவிடும் என்றார். இனிமேல் அச்சு கிடையாது, எல்லாம் இணையதளத்தில்தான், தளம் தானாகவே பதிப்பித்துக்கொள்ளும் என்றார். காகிதக் கட்டை இரண்டு கையாலும் தூக்கினார். அடிக்குறிப்புகள் மட்டும் முந்நூறு பக்கம். கனம் தாங்காமல் ஒரு முறை கீழே வைத்துவிட்டுத் திரும்பத் தூக்கினார். நான் கயிற்றுக்கு உள்ளே இருந்ததால் கைகொடுக்க முடியவில்லை.

அந்த வாரம் மாணவர்கள் வந்தார்கள். நாற்பத்தொன்றாம் பாடலில் வரும் ‘மறுகு’ என்பதற்குத் தெருவா, கலக்கமா, எது பொருள் என்று ஒரு பையன் கேட்டான். இருபது வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். இருதயராஜ் கதவருகே நின்று கையைக் காட்டினார்.

“ஆசிரியர் பொருள் சொல்லக் கூடாது” என்றார். “சொன்னா வாசகருக்குச் சுதந்திரம் போயிரும்.”

பையன் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். போகும்போது என்னைப் பின்னணியில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

என்னைப் பற்றி ஒரு கருத்தரங்கம் நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். மின்விசிறி எனக்கு எட்டவில்லை. ஒருவர் கட்டுரை வாசித்தார். அந்தாதி ஆசிரியர் ஓர் ஆண், வணிகர், இளமையில் மனைவியை இழந்தவர் என்று நிறுவினார். நன்றாகத்தான் நிறுவினார். கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன்.

“நான் பொம்பள” என்றேன்.

“நூலுக்குள்ள அதுக்கு அகச்சான்று இருக்கா?”

“இல்ல. நானே வந்திருக்கேன்.”

“அது புறச்சான்று” என்றார். “புறச்சான்ற மட்டும் வச்சு ஒரு முடிவுக்கு வர முடியாதும்மா.”

சிலர் தலையாட்டினார்கள். நானும் என் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் வேறு ஒரு சங்கடம். எங்கள் வீட்டில் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நடை உண்டு. அது நீண்டுகொண்டே போனது. முதல் நாள் கொஞ்சம்தான். பிறகு, அடுக்களையில் நின்று பார்த்தால் கூடத்தில் என் கணவர் தளவாய் சின்னதாகத் தெரிந்தார். பேப்பர் படிக்கிறாரா தூங்குகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

தளவாய்க்கு மின்வாரியத்தில் வேலை. நாள் முழுக்கப் புகார் கேட்கிறவர். வீட்டில் எதற்கும் புகார் சொல்ல மாட்டார். அளவுநாடாவை எடுத்து வந்து நடையை அளந்தார். நாடா பாதியிலேயே தீர்ந்துவிட்டது. சுருட்டி வைத்துவிட்டார்.

“எண்ணூறு வருசம்னா இம்புட்டு வரத்தான் செய்யும்” என்றார்.

அதன் பிறகு அவர் பேச்சு மாறியது. கல்யாணமான நாளிலிருந்து என்னை ‘ஏளா’ என்றுதான் கூப்பிடுவார். இப்போது ‘நீங்க’ என்றார். நான் காப்பி எடுத்துக்கொண்டு நடையில் நடந்து போவேன். ஆற்றின் குறுக்கே நடப்பதுபோல் கால் வலிக்கும். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் டம்ளரை வாங்குவார்.

“எதுக்கு இம்புட்டுத் தூரம் சிரமப்பட்டு வாரீங்க” என்பார்.

“ஆறிப்போச்சா?”

“இல்ல, நல்லாத்தான் இருக்கு.”

டம்ளர் ஜில்லென்று இருப்பது எனக்குத் தெரியும். அவர் முழுக்கக் குடித்துவிட்டுத்தான் தருவார். திரும்பி அடுக்களைக்கு வந்து சேரும்போது அடுத்த வேளை சமையலுக்கு நேரமாகியிருக்கும். சாப்பிட வாருங்கள் என்று போனில்தான் கூப்பிட்டேன். சில சமயம் எடுக்க மாட்டார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானும் மறுபடி கூப்பிட மாட்டேன். அப்படியே சில நாள் போயின. அந்த நாட்களில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததாக நினைவில்லை.

பிறகு நஸ்ரின் கயிற்றுக்கு உள்ளே குனிந்து வந்தாள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“மேடம், தளம் இந்த வாரம் திறக்கணும். திறக்க மாட்டேங்குது.”

“ஏன்?”

“அறுபத்து மூணு காலியா இருக்கு. ஒரு பாட்டு காலியா இருந்தா மத்த தொண்ணூத்தொன்பதையும் அது காட்டாது.”

“புள்ளி வச்சு விடு. நான் அப்படித்தான் விட்டிருந்தேன்.”

“புள்ளிய அது எழுத்தா எடுத்துக்காது மேடம்.”

“இங்கே ஓட்டைன்னு எழுது.”

“எழுதிப் பாத்தேன். அது சீர் பிரிச்சு, தளை தட்டுதுன்னு சொல்லுது.”

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“தளம் திறந்தாத்தான் என் ஒப்பந்தத்த நீட்டிப்பாங்க” என்றாள். “இந்த வேலையச் சொல்லித்தான் வீட்டுல கல்யாணப் பேச்சத் தள்ளி வச்சிருக்கேன். வேலை போச்சுன்னா அடுத்த மாசமே மண்டபம் பாத்துருவாங்க.”

“மாப்பிள்ளை எப்படி?”

“நல்ல மாதிரிதான். துபாய்.” சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தாள். “எனக்கும் தெரியும் மேடம், நீங்க எழுதலன்னு. ஆனா தெரியும்கிறத எங்க போடுறதுன்னு தெரியல.”

 அவள் தலையைத் தொட்டேன். தைலம் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். காணாமல்போன பாடலைக் கணினியே எழுதியிருந்தது. ஒன்று அல்ல, மூவாயிரத்துச் சொச்சம். என் நடையிலேயே எழுதியிருந்தது. ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும், ஆசிரியர் ஒப்புதல் பெற்றது என்று போட்டுவிடலாம் என்றாள்.

நான் எல்லாவற்றையும் படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. எல்லாமே நன்றாக இருந்தன. எதுகை தப்பவில்லை. தூரம் என்று தொடங்கின. போதும் என்று முடிந்தன. கடல் தூரம், கோயில் தூரம், மகன் போன தூரம், முலைப்பால் மறந்த தூரம். சில பாடல்களில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். இருபது வருடம் நான் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டையில் எதை வைத்தாலும் பொருந்தியது. எனக்கு அலுப்பாக இருந்தது.

“இதுல எதுவும் இல்ல நஸ்ரின்.”

“எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“அப்ப இதுல ஒண்ணா இருக்கலாம்ல?”

“இருக்கலாம்.”

“பிறகு என்ன மேடம்?”

தெரியாததைத் தெரியாது என்று போடுவதுதான் என் வேலையாக இருந்தது. அந்த வேலை இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபம் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

“நானே ஒண்ணு சொல்லுதேன்” என்றேன். “எழுதிக்கோ.”

அவள் இருதயராஜைக் கூப்பிட்டாள். அவர் சந்தோஷப்பட்டார். ஆசிரியர் வாயாலேயே வருவது அபூர்வம் என்றார். மாடியில் ஒரு சின்ன அறை. கதவைச் சாத்தினார்கள். ஏசியை அணைத்தார்கள். என் முன்னால் மைக் வைத்தார்கள். அது என் முகத்தை விடப் பெரிதாக இருந்தது. சுடலைமுத்து தண்ணீர் வைத்துவிட்டு, போகாமல் சுவரோரம் நின்றார்.

எனக்குச் செய்யுள் எழுத வராது. எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அடுத்தவர் செய்யுளில் ஒரு எழுத்து பிசகினால் சொல்லத் தெரியும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆள் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. அவரும் அலுத்துப் போயிருப்பார் என்று மட்டும் தோன்றியது. அறுபத்திரண்டு பாட்டு எழுதி முடித்திருக்கிறார். இன்னும் முப்பத்தெட்டு பாக்கி இருக்கிறது.

“தூரம் என்று சொல்ல ஒன்றுமில்லை” என்றேன். “அடுக்களையிலிருந்து கூடம் வரைக்கும். கொண்டுபோவதற்குள் ஆறிவிடுகிறது. ஆறிவிட்டது என்று அவர் சொல்வதில்லை. ஆறியது எனக்குத் தெரியும் என்று நான் சொல்வதில்லை. குடித்துவிட்டு டம்ளரைத் தருகிறார். டம்ளர் காலியாக இருக்கிறது. போதும்.”

 நஸ்ரின் ஒரு பொத்தானை அழுத்தினாள். வட்டம் ஒன்று திரையில் சுற்றியது. நின்றது.

“ரெண்டு” என்றாள்.

“என்ன ரெண்டு?”

“நூத்துக்கு ரெண்டு.”

இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது ஆசிரியர் பாட்டு இல்ல” என்றார்.

“இப்பத்தானே சார் சொன்னேன். உங்க முன்னாடி.”

“நீங்க சொன்னீங்க. நான் இல்லங்கல. ஆனா நீங்க எழுதினது இல்ல.”

“அப்ப என் கட்டுரைகளோட பொருந்துதா?”

நஸ்ரின் பார்த்தாள். “அதோடயும் பொருந்தல மேடம்.”

“பிறகு யாரோடது?”

“யாரோடதும் இல்லன்னு வருது.”

சுடலைமுத்து தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் குடித்திருக்கவில்லை.

இருதயராஜ் ஜன்னலருகே போய் நின்றார். அவரும் இருபத்தைந்து வருடம் இந்த வேலையில் இருக்கிறவர். அவருடைய ஒரு பதிப்பை நான் எம்.ஏ. படிக்கும்போது அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறேன். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

“இதுக்கு ஒரு வழி உண்டு” என்றார். “நம்ம ஆளுங்க எப்பவும் செஞ்சதுதான். இடைச்செருகல்னு போட்டுருவோம்.”

இடைச்செருகல் என்பது நூலில் பின்னால் யாரோ நுழைத்த பாடல். அதைத் தூக்கி எறியவும் மாட்டார்கள், சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். அடைப்புக்குறிக்குள், சிறிய எழுத்தில் போடுவார்கள். நஸ்ரின் அப்படியே போட்டாள். ஆசிரியர் என்ற இடத்தில் தெரியவில்லை என்று போட்டாள். காலம் என்ற இடத்தில் பிற்காலம் என்று போட்டாள். தளம் திறந்துகொண்டது. நூறு பாடலும் வரிசையாகத் தெரிந்தன. அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டு சிரித்தாள். அவளுக்கு ஒரு வருடம் நீட்டித்தார்கள்.

“அப்ப நான்?” என்று கேட்டேன்.

“பாட்டு எந்த வகையோ, சொன்னவங்களும் அதே வகைதானே” என்றார் இருதயராஜ். “அடுத்த பதிப்புல எடுக்கிறதா வேண்டாமான்னு ஒரு குழு பாக்கும். அவசரமில்ல. நீங்க வீட்டுக்குப் போங்க.”

சுடலைமுத்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாளைக்கு வேறு யாரையோ கொண்டுவருகிறார்கள் என்றார்.

பேருந்தில் டிக்கெட் கேட்டேன். கண்டக்டருக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தார். என் குரல் சிறிதாகியிருந்தது. எனக்கு இருபுறமும் இருந்தவர்கள் கொஞ்சம் இடம் விட்டே உட்கார்ந்திருந்தார்கள். நின்றவர்களும் அந்த இடத்தில் நிற்கவில்லை. அடைப்புக்குறி இருந்தால் அப்படித்தான்.

வீட்டில் நடை பழைய நீளத்துக்கு வந்துவிடவில்லை. பாதிதான் குறைந்திருந்தது. பழகிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அடுக்களையில் நின்று அவரைக் கூப்பிட்டேன். கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். தளவாய் கூடத்திலிருந்து எழுந்து நடந்து வந்தார். வியர்த்திருந்தது. நான் சொல்வது கேட்க வேண்டுமானால் பக்கத்தில் வரவேண்டியிருந்தது. தரையில் என்னோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

“ஆபீஸ்ல ஒரு பயல் காட்டினான்” என்று போனை எடுத்தார். “உங்க தளமாம்.”

நான் எழுதிய எதையும் அவர் படித்ததில்லை. படித்துப் பார்க்கச் சொல்லி நானும் கொடுத்ததில்லை. அறுபத்து மூன்றாம் பாடலைத் திறந்து, இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கினார். உதட்டை அசைத்துப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலே போனார். அவர் ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை படித்து நான் பார்த்ததில்லை.

“ஜில்லுன்னுதான் இருந்துச்சு” என்றார்.

“தெரியும்.”

“ரெண்டு பக்கமும் இது என்ன குறி?”

“அடைப்புக்குறி. சந்தேகம்னா போடுறது.”

“என்ன சந்தேகம்?”

“இது வேணுமா, எடுத்துரலாமான்னு.”

அவர் யோசித்தார். பெருவிரலால் திரையில் இருந்த குறியைத் தேய்த்துப் பார்த்தார். அது போகவில்லை.

“ஏளா, இருக்கட்டும்” என்றார்.

அதற்குள் போன் அணைந்துவிட்டது. சார்ஜர் கூடத்தில் இருந்தது. எடுத்துவர இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.